திங்கட்கிழமைக்குள் எதிர்பார்க்கிறேன்

காவாந்தண்டலம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். உத்திரமேரூர் பக்கம், செய்யாற்றங்கரையில். வருஷத்தில் பாதி நாள் மணலும், ஐப்பசி கார்த்திகையில் அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீரும் தெரிகிற ஆறு. பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் ரிட்டயர் ஆனதும் சொந்த ஊரான அங்கேயே போய் விவசாயத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மூத்த பெண்ணுக்கு வளைகாப்பு என்று கூப்பிட்டிருந்தார். போயிருந்தேன்.

வாசலில் சின்னப் பெண் வரவேற்றாள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடுகிறவள். உள்ளே கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த அக்காவைக் காட்டி, "அக்கா இஸ் எக்ஸ்பெக்டிங், சார்" என்றாள் பெருமையாக. திண்ணையிலிருந்த பாட்டிக்குக் கோபம். "முழுகாம இருக்கான்னு வாயத் தொறந்து சொல்லேண்டி. அது என்னா எஸ்பெட்டிங்கு?"

பாட்டி சொன்னதும் சரி, பேத்தி சொன்னதும் சரி. 'முழுகாமல் இருப்பது' நடந்ததைச் சொல்கிறது. மாதாமாதம் தலைமுழுகுவது நின்றுவிட்டது என்கிற தகவல். 'எக்ஸ்பெக்டிங்' நடக்கப்போவதைச் சொல்கிறது. தமிழ் காலண்டரைப் பின்னால் புரட்டுகிறது, ஆங்கிலம் முன்னால் புரட்டுகிறது. குழந்தை ஒன்றுதான்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது சின்னப் பெண் தயங்கித் தயங்கி செல்போனை நீட்டினாள். "சார், இதுல என்ன தப்பு?"

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறாள். நன்றாகவே செய்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு மெயில் அனுப்பியிருக்கிறாள். முதல் வரி நன்றி. இரண்டாவது வரி: 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை பை மண்டே.'

பதில் வரவில்லை. அங்கே வேலை பார்க்கிற தெரிந்த பையன் மூலமாகச் சேதி மட்டும் வந்தது. மெயிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். 'நமக்கே டெட்லைன் போடுதே இந்தப் பொண்ணு' என்று யாரோ சொன்னார்களாம். வேலை இதனால்தான் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். வேலை போக ஆயிரம் காரணம். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. "மரியாதையாத்தான சார் எழுதனேன்?" என்று கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். தமிழில். அதற்கு ஆங்கில எழுத்தைப் போட்டதுதான் வினை.

'தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்று நாம் எத்தனை கடிதங்களை முடித்திருக்கிறோம்! அதில் அதிகாரம் துளியும் கிடையாது. எதிர், பார். அவ்வளவுதான் அந்தச் சொல். வருகிறவர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, ஒருவர் வாசலில் நிற்கிற படம் அதற்குள் இருக்கிறது. நிற்பவர் எளியவர். வரவேண்டியவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம்.

ஆச்சரியம் என்னவென்றால் ஆங்கில 'எக்ஸ்பெக்ட்'டும் பிறந்தபோது இதே ஜாதகத்தோடுதான் பிறந்தது. லத்தீனில் அதன் மூலத்துக்கு 'வெளியே பார்த்திரு' என்று பொருள். அதுவும் வாசலில் நின்ற சொல்தான். வளர்ந்த விதம்தான் வேறு. ஆங்கிலத்தில் மழையை எக்ஸ்பெக்ட் பண்ணலாம், விருந்தாளியை எக்ஸ்பெக்ட் பண்ணலாம், தவறில்லை. ஆனால் எதிரே இருக்கிற ஒருவரிடம், 'நீ இதைச் செய்வாய் என்று எக்ஸ்பெக்ட் பண்ணுகிறேன்' என்றால், 'செய்வது உன் கடமை' என்று அர்த்தம். 'ஸ்டூடன்ட்ஸ் ஆர் எக்ஸ்பெக்டட் டு பி பங்சுவல்' என்று காலேஜ் நோட்டீஸ் போர்டில் இருப்பது ஆசை இல்லை, உத்தரவு. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்கிற சொல்லாகிவிட்டது அது.

இதற்குச் சரித்திரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1805 அக்டோபர் 21. டிரஃபால்கர் கடற்போர் தொடங்கப்போகிறது. நெல்சன் தன் கப்பல்களுக்குக் கொடி மூலம் ஒரு செய்தி அனுப்ப நினைத்தார். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்வார்கள் என்று இங்கிலாந்து 'நம்பியிருக்கிறது' என்பது செய்தி. அதற்கு அவர் சொன்ன வார்த்தை 'கன்ஃபைட்ஸ்'. கொடி பறக்கவிடும் அதிகாரி பாஸ்கோ தலையைச் சொறிந்தார். சங்கேதப் புத்தகத்தில் அந்த வார்த்தை இல்லை. எழுத்து எழுத்தாகக் கொடி ஏற்றவேண்டும், நேரமாகும். 'எக்ஸ்பெக்ட்ஸ்' என்றால் புத்தகத்திலேயே இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றார் நெல்சன். கொடி சிக்கனத்துக்காக நம்பிக்கை ஒன்று உத்தரவாக மாறிவிட்டது. அதைப் பார்த்த இன்னொரு தளபதி காலிங்வுட், என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்கே தெரியும், இவர் ஏன் கொடி ஆட்டிக்கொண்டிருக்கிறார் என்கிற மாதிரி முணுமுணுத்ததாகச் சொல்வார்கள். ஒரகடத்தில் சிரித்தவர்களும் காலிங்வுட்டும் ஒரே கட்சி.

கப்பற்படைத் தலைவருக்கே சறுக்கிய வார்த்தையில் காவாந்தண்டலத்துப் பெண் சறுக்கியதில் என்ன தப்பு? அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்கள். என்னிடமும் நாலைந்து இருக்கின்றன. இவற்றைக் கேலி செய்ய மாட்டேன். கான்வென்ட் பக்கம் ஒதுங்காத எத்தனையோ பேருக்கு இவைதான் கான்வென்ட். ஆனாலும் விமரிசனம் செய்யவேண்டிய இடத்தில் செய்யத்தான் வேண்டும்.

இந்தப் புத்தகங்களில் இரண்டு பத்தி இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல். எக்ஸ்பெக்ட் என்றால் எதிர்பார். ஆன்டிசிபேட் என்றால் முன்கூட்டியே எதிர்பார். லுக் ஃபார்வர்ட் டு என்றால் ஆவலுடன் எதிர்பார். அவெய்ட் என்றால் எதிர்பார்த்துக் காத்திரு. ஹோப் என்றால் நம்பு. சிலதில் அதுவும் எதிர்பார். அஞ்சு பிள்ளைகளுக்கும் ஒரே பீஸில் சட்டை தைத்துப்போட்ட மாதிரி இருக்கிறது. பெரியவனுக்குப் பிடிக்கிறது, சின்னவனுக்குத் தொளதொளக்கிறது.

ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். 

முதலில் ஹோப். இதற்கு 'நம்பு' என்று எழுதிவிட்டால் பெரிய ஆபத்து இருக்கிறது. தமிழில் நம்புகிறேன் என்றால் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் ஹோப் என்றால் சந்தேகம் தீரவே இல்லை, ஆனால் ஆசை இருக்கிறது என்று பொருள். பல வருஷம் முன்பு என் உறவினர் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, 'லெட் அஸ் ஹோப் ஃபார் த பெஸ்ட்' என்று சொல்லிவிட்டுப் போனார். கூட இருந்தவர் அதை வெளியே வந்து எங்களுக்குத் தமிழ்ப்படுத்தினார்: "நம்பிக்கையா இருக்கச் சொல்றார்." பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். டாக்டர் சொன்னது அது இல்லை. 'எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்' என்பதை அவர்கள் பாஷையில் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் விடிகாலை எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி ராத்திரி பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று அந்த அம்மாள் இன்னமும் சொல்வார். ஒரே ஒரு வார்த்தை.

ஹோப்புக்குத் தமிழில் சொல் இல்லையா? ஒற்றைச் சொல்லாகத் தேடினால் தடுமாறும். ஆனால் அதைச் சொல்ல வழி இருக்கிறது. 'பொழைச்சு வந்துட்டா நல்லாருக்கும்' என்கிறோமே, அதுதான் ஹோப். 'வந்தா பரவால்ல', 'எப்படியாவது வரணும்'. 'ஆல்' விகுதியில் ஆசையையும் சந்தேகத்தையும் ஒன்றாக வைத்துத் தைத்திருக்கிறோம். புத்தகத்தின் வலப்பக்கத்தில் அதைப் போடலாமே. போட மாட்டார்கள். பேச்சுத்தமிழாம்.

அடுத்தது ஆன்டிசிபேட். 'முன்னாலேயே பிடித்துக்கொள்' என்று லத்தீனில் அர்த்தம். எக்ஸ்பெக்ட் பண்ணுகிறவர் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆன்டிசிபேட் பண்ணுகிறவர் ஏதாவது செய்துவிடுவார். இலக்கணக் கறார்க்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய வேடிக்கை உண்டு. கல்யாணத்தை எக்ஸ்பெக்ட் பண்ணுகிற ஜோடி பத்திரிகை அடிக்கும். ஆன்டிசிபேட் பண்ணுகிற ஜோடி அவசர அவசரமாகப் பத்திரிகை அடிக்கவேண்டி வரும். இன்றைக்கு ஆங்கிலேயர்களே இரண்டையும் ஒன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் வித்தியாசம் அழகானது, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இதை விளக்க லண்டன் போகவேண்டாம், உத்திரமேரூர் போதும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-ல் ஒன்று, 921-ல் ஒன்று. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே. வாரியத்தில் உட்கார வயது 35-க்கு மேல், 70-க்குள். பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடம் கிடையாது, அவன் சொந்தக்காரர்களுக்கும் கிடையாது. நல்லவர்கள் வருவார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் எதிர்பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கெட்டவர்கள் எந்த வழியாக வருவார்கள் என்று முன்னாலேயே யோசித்து அந்த வழியை அடைத்தார்கள். ஏரிக்கென்று தனியாக ஒரு வாரியமே வைத்திருந்தார்கள். இதுதான் அசல் ஆன்டிசிபேஷன்.

இதற்கும் தமிழில் ஒரு சொல் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒரு முன்னொட்டு இருக்கிறது. முன்பணம், முன்பதிவு, முன்னெச்சரிக்கை, முன்னேற்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக முன்ஜாமீன். தமிழ்நாட்டில் டீக்கடையில் பேப்பர் படிக்கிற யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. 'ஆன்டிசிபேட்டரி பெயில்' என்கிற அதன் ஆங்கிலப் பேர் இருக்கிறதே, அது சட்டத்திலேயே கிடையாது. 1969-ல் சட்ட ஆணையம் தன் 41-வது அறிக்கையில் இப்படி ஒரு வசதி வேண்டும் என்றது. 1973-ம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438-வது பிரிவாக வந்தது. பிரிவின் தலைப்பில் இருந்தது, கைதாவோமோ என்று 'அப்ரிஹெண்ட்' பண்ணுகிறவருக்கான ஜாமீன் என்பது. 1976-ல் பால்சந்த் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'ஆன்டிசிபேட்டரி பெயில்' என்பதே பொருந்தாத பேர், கைதானால்தான் அது அமலுக்கே வரும் என்று சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்? 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து சட்டமே மாறி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482-வது பிரிவாகிவிட்டது. பேர் மட்டும் போகவில்லை.

அந்த 'அப்ரிஹெண்ட்'டைக் கொஞ்சம் கவனியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அப்ரிஹெண்ட் பண்ணினால் பயப்படுகிறார் என்று அர்த்தம். போலீஸ் அப்ரிஹெண்ட் பண்ணினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரே வார்த்தை, இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஆக, நல்லதை எதிர்பார்க்க ஹோப், கெட்டதை எதிர்பார்க்க அப்ரிஹெண்ட். நாம் இரண்டுக்குமே எதிர்பார்ப்பு என்று எழுதி, படிக்கிறவரைத் திண்டாட விடுகிறோம்.

மூன்றாவது, லுக் ஃபார்வர்ட் டு. நம் பெண்ணுக்குத் தேவைப்பட்டது இதுதான். இது பணிவானது. முடிவை எதிராளி கையில் விட்டுவிட்டு, வந்தால் சந்தோஷப்படுவேன் என்று மட்டும் சொல்வது. அதாவது நம்முடைய 'எதிர்பார்க்கிறேன்' என்பதன் சொந்தச் சகோதரன். பின்னால் வரும் 'டு'வில் மட்டும் உஷார். 'டு மீட்' இல்லை, 'டு மீட்டிங்'. 'டு ஹியர்' இல்லை, 'டு ஹியரிங்'. 

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பக் கடிதங்களின் அடியில் நாம் தலைமுறை தலைமுறையாக எழுதுகிற 'தேங்கிங் யூ இன் ஆன்டிசிபேஷன்'. நீ செய்துவிடுவாய், அதற்கு இப்போதே நன்றி பிடி என்று கையில் திணிக்கிற வரி இது. முன்பணம் கொடுத்து மடக்குகிற வேலை என்று ஆங்கிலத்தில் நல்ல நடை எழுதுகிறவர்கள் பலருக்கு இது பிடிப்பதில்லை. நமக்கோ இது இல்லாமல் கடிதம் முடிந்த மாதிரியே இருக்காது.

கடைசியில் வெயிட். 'ஐ காண்ட் வெயிட்' என்று வெள்ளைக்காரன் எழுதினால் துள்ளிக் குதிக்கிறான் என்று அர்த்தம். அதையே 'என்னால் காத்திருக்க முடியாது' என்று நாம் தமிழாக்கினால் மின்வாரிய ஆபீஸ் வரிசையில் சண்டைக்கு நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். 'ஐ ஆம் வெயிட்டிங்' என்பது 'துப்பாக்கி' படத்தில், 2012-ல், சவாலாகவே மாறி ஊரெல்லாம் விசில் வாங்கியது. சொல் ஒன்றுதான், சொல்கிறவர் யார், யாரிடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆனால் காத்திருத்தலில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெயிட் என்கிற சொல்லும் காவல் காப்பதிலிருந்து வந்தது. நம் காத்திருத்தலும் 'கா' என்கிற அதே காவலிலிருந்து வந்தது. இரண்டு மொழியும் கலந்து பேசிக்கொண்டது போல ஒரு ஒற்றுமை. சங்க இலக்கணம் இன்னும் ஒரு படி மேலே போய், முல்லைத் திணையின் உரிப்பொருளுக்கு 'இருத்தல்' என்றே பேர் வைத்தது. கார்காலத்தில் வருகிறேன் என்று போனவனுக்காகப் பொறுத்து இருத்தல். வெறுமனே இருப்பதே காத்திருப்பதுதான். வள்ளுவர் 'அவர்வயின் விதும்பல்' என்று ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அவன் போன நாளைச் சுவரில் கோடிட்டு, அதைத் தொட்டுத் தொட்டு எண்ணியே விரல் தேய்ந்துபோன பெண் அதில் வருகிறாள். விரல் தேய எதிர்பார்த்த மொழி நம்முடையது.

அந்த மொழியில் நாம் இப்போது என்ன எழுதுகிறோம்? நாளைக் காலைப் பேப்பரைப் பிரியுங்கள். 'அறிவிப்பு விரைவில் வெளியாகும் என எதிர்பார்க்கப்படுகிறது.' 'விலை குறையும் என எதிர்பார்க்கப்படுகிறது.' 'பாலம் இந்த ஆண்டுக்குள் முடியும் என எதிர்பார்க்கப்படுகிறது.' யார் எதிர்பார்க்கிறார்கள்? மந்திரியா, நிருபரா, பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற நீங்களா? ஆளே இல்லாத எதிர்பார்ப்பு. ஆங்கில 'இஸ் எக்ஸ்பெக்டட்'டை அப்படியே இறக்கிவைத்த சரக்கு. பாலம் முடியாவிட்டால் யாரையும் கேட்க முடியாது, ஏனென்றால் யாரும் எதையும் சொல்லவில்லை. 

ஊரில் பேசுகிறவர்கள் இப்படி ஒருநாளும் பேசமாட்டார்கள். 'இந்த வருஷம் பாலம் முடிஞ்சிடும்னு பேசிக்கறாங்க' என்பார்கள். பேசிக்கொள்கிறவர்கள் யார் என்று கேட்டால் ஆளைக் காட்டுவார்கள். வானிலை அறிக்கைகூட இந்த விஷயத்தில் தேவலை. 'மழை பெய்யக்கூடும்' என்கிறது. அந்தக் 'கூடும்' எவ்வளவு நேர்மையான சொல்! பெய்தாலும் பொய்யில்லை, பெய்யாவிட்டாலும் பொய்யில்லை.

ஆக, ஆங்கிலம் எழுதும்போது தமிழின் பணிவை ஆங்கிலத்தில் ஏற்றி அதட்டலாக்கிவிடுகிறோம். தமிழ் எழுதும்போது ஆங்கிலத்தின் மொட்டை வாக்கியத்தை இறக்கி ஆளைக் காணாமல் அடித்துவிடுகிறோம். இரண்டு நஷ்டத்துக்கும் காரணம் ஒன்றுதான்: ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் என்று கணக்குத் தீர்ப்பது.

ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகம் போடுகிறவர்களுக்கு என்னுடைய கோரிக்கை இதுதான். அடுத்த பதிப்பில் மூன்றாவதாக ஒரு பத்தி சேருங்கள். யார் சொல்வது, யாரிடம் சொல்வது என்று. எக்ஸ்பெக்டுக்கு நேரே, 'முதலாளி சொல்லலாம், மனுப் போட்டவர் சொல்லக்கூடாது' என்று ஒரு வரி இருந்திருந்தால் காவாந்தண்டலத்தில் ஒரு பெண் அழுதிருக்க மாட்டாள். விலை பத்து ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

அன்றைக்கு அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து அந்த மெயிலைத் திருத்தி எழுதினோம். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.' அவளே மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள். பாட்டி, "இப்ப அவங்க கூப்புடுவாங்களா?" என்று என்னைக் கேட்டாள். "கூப்பிட்டா நல்லாருக்கும் பாட்டி" என்றேன். வேறென்ன சொல்ல?

மூன்று வாரம் கழித்து போன் செய்தேன். "பதில் வந்துதாம்மா?"

"இன்னும் வரல சார். வரும்போது வரட்டும். நான் வேற ரெண்டு எடத்துல போட்டு வெச்சிட்டேன்."

"அதுக்குப் பேர்தாம்மா ஆன்டிசிபேட்" என்றேன்.